விடை தெரிந்தவர் கேட்கும் கேள்வி

கேள்வி கேட்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் பலர். வாத்தியார், வக்கீல், வைத்தியர், பொலிஸ்காரர், வரி அதிகாரி. இவர்களில் பெரும்பாலோர் தமக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்கள் சிலர்தான். பரீட்சை வைக்கும் வாத்தியார் ஒருவர். வானொலியில் போட்டி நடத்தும் அறிவிப்பாளர் இன்னொருவர். வாத்தியார் கேட்டால் பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கும். அறிவிப்பாளர் கேட்டால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயம் முழுக்கக் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்கும். செய்கிற காரியம் ஒன்றுதான். பிறகு ஏன் இத்தனை வித்தியாசம்? இதை யோசித்துக்கொண்டு போனால் அது வானொலியோடு நின்றுவிடுவதில்லை.

ஈழத்துத் தமிழருக்கு வானொலிப் போட்டி என்றதும் நினைவுக்கு வருகிறவர் பி. எச். அப்துல் ஹமீத். கொழும்பில் எளிய முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே ‘சிறுவர் மலர்’ நிகழ்ச்சி வழியாக இலங்கை வானொலிக்குள் வந்தவர். நடிகர், அறிவிப்பாளர், நாடகத் தயாரிப்பாளர் என்று அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வளர்ந்தார். எஸ். ராம்தாஸ் எழுதிய வானொலி நகைச்சுவைத் தொடர் 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாக வந்தபோது அதிலும் நடித்தார். அந்தக் கூட்டத்தில் ராம்தாஸுக்கு மரிக்கார் வேடம், அப்துல் ஹமீதுக்கு ஐயர் வேடம். யார் எவராகப் பேசினாலும் காது ஏற்றுக்கொண்ட காலம் அது. வானொலியில் முகம் இல்லை என்பதில் இப்படியும் ஒரு நன்மை இருந்தது.

அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட நிகழ்ச்சி ‘பாட்டுக்குப் பாட்டு’. விதிமுறை சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஒருவர் பாடி முடித்த இடத்திலிருந்து நடத்துபவர் ஓர் எழுத்தைக் கொடுப்பார். அந்த எழுத்தில் தொடங்கும் சினிமாப் பாட்டின் பல்லவியைப் பாட வேண்டும். குறில் கேட்டால் நெடிலில் பாடக் கூடாது. நேரம் போனால் மணி அடித்துவிடும். ஒரு பாட்டின் முடிவிலிருந்து அடுத்த பாட்டு பிறப்பது அந்தாதி பாடிய மொழிக்குப் புதிதல்ல. ஆனால் கோயில் மண்டபத்தில் இருந்ததைக் கொண்டுவந்து குசினிக்குள் வைத்தது வானொலிதான்.

ஆடுகிறவருக்கு எழுத்துக்கு ஒரு பாட்டு தெரிந்தால் போதும். நடத்துகிறவருக்கு அப்படியல்ல. எவர் எதைப் பாடினாலும் அது இருக்கிற பாட்டா, அந்த இடத்தில் புனைந்த பாட்டா என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சரணத்தின் முதலடியைப் பல்லவி என்று நினைத்துப் பாடுகிறவரைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பின், பாடியவர் நாலு பேர் முன்னால் கூனிக் குறுகிப் போகாத விதத்தில் அதைச் சொல்ல வேண்டும். முதலிரண்டுக்கும் ஞாபகசக்தி போதும். மூன்றாவதைப் படித்துத் தேற முடியாது. அப்துல் ஹமீத் தோற்றவரை வழியனுப்பும் விதத்தைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். வென்றவரைப் பாராட்ட ஒரு வாக்கியம் எடுத்துக்கொண்டால் தோற்றவருக்கு இரண்டு வாக்கியம் வைத்திருப்பார். ‘ழ’வும் ‘ள’வும் தத்தம் இடத்தில் நிற்கும் அந்தத் தமிழில் அவமானப்படுத்தும் தொனியை நான் கேட்டதில்லை.

இனி, இந்தக் குரலைக் கேட்டிருந்த தோட்டத்துக்கு வருவோம். மலையகம் என்றால் ஹட்டனும் நுவரெலியாவும்தான் என்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும், ஏன் தமிழ்நாட்டிலும் நினைக்கிறார்கள். சப்ரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள் அந்தப் படத்துக்குள் வருவது அபூர்வம். பனி மூடிய மலையும் குளிர்ச் சட்டையும் இங்கே இல்லை. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பக்கம் தாழ்நிலத் தேயிலையும் இறப்பரும். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டப் பக்கம் இறப்பரே அதிகம். வெக்கை, அட்டை, ஓயாத மழை. தோட்டங்களும் அடுத்தடுத்து இல்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவு தீவாகக் கிடக்கின்றன. கடைக்குப் போனால் சிங்களம், பஸ்ஸில் சிங்களம், ஆஸ்பத்திரியில் சிங்களம். தமிழ் என்பது லயத்துக்குள்ளும் கோயிலடியிலும் பேசுகிற மொழி. அதற்கு வெளியே தினமும் காதில் விழுந்த தமிழ் என்றால் அது வானொலித் தமிழ் மட்டுமே.

இறப்பர்த் தோட்டத்து நாள், தேயிலைத் தோட்டத்து நாளைப் போன்றதல்ல. பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக வடியும். அதனால் இருட்டோடு இருட்டாகப் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்புக்குப் போய், பட்டையைச் சீவி, சிரட்டையைப் பொருத்திவிட்டு, பிறகு மரம் மரமாகப் பாலைச் சேர்த்து வாளியில் எடுத்துவந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுப்பார்கள். மதியத்தோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. பட்டை நனைந்தால் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குப் பேர் விழாது. சப்ரகமுவவில் மழைக்குக் குறைவில்லை. அதனால் இந்தத் தோட்டங்களில் ஓய்வு என்பது பாதி நேரம் சம்பளமில்லாத வீட்டிருப்புதான். அந்த இருப்பை நிரப்பியது ரேடியோ. லயங்களுக்கு மின்சாரம் வராத காலத்தில் பேட்டரியில் ஓடிய பெட்டி, லயத்தின் எல்லாக் காம்பராவிலும், அதாவது எல்லா வீட்டறையிலும், இருந்ததில்லை. இருந்த காம்பராவின் முன்திண்ணையில், இஸ்தோப்பில், அயலெல்லாம் வந்து குந்தியிருக்கும்.

“இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், தமிழ்ச் சேவை இரண்டு” என்று தொடங்கும் அந்தக் குரல்களின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொழும்பில் வானொலி 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியப் படைகளுக்காக நிறுவப்பட்ட சக்திவாய்ந்த ஒலிபரப்பி போர் முடிந்ததும் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கப்போக, தமிழகத்தின் காதுகளும் இந்தி பேசும் வடக்கின் காதுகளும் கொழும்பின் பக்கம் திரும்பின. அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ வடக்கை ஆண்டது, எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் தமிழகத்தின் தெற்குக் கரையைப் பிடித்தது. பிறகு கே. எஸ். ராஜா வந்தார். அடைமழை போலக் கொட்டும் பேச்சும் ‘உமாவின் வினோத வேளை’யும் அவரைத் தெருவுக்குத் தெரு பேசவைத்தன. சினிமாவுக்கு நட்சத்திரங்கள் இருந்ததைப் போல வானொலிக்கும் இருந்தார்கள் என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

ஆனால் இஸ்தோப்பில் குந்தியிருந்தவர்களுக்கு இந்த வரலாறு தேவைப்படவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது போட்டி. கொழும்புக் கலையகத்தில் ஒருவர் ‘நே’யில் பாட்டுத் தேடித் தடுமாறும்போது, இங்கே பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் பாடிவிடுவாள். மணி அடிக்கும் முன்பே பாடிவிடுவாள். அவளுக்கு எழுதத் தெரியாமல் இருக்கலாம்; ‘நே’ என்று ஓர் எழுத்து இருப்பது காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கும் வரை நிர்வாகங்களின் தயவில் கிடந்தவை. பெரும்பாலானவற்றில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். பெண் பிள்ளையென்றால் தம்பி தங்கையைப் பார்க்க அதற்கும் முன்பே நின்றுவிடும். அப்படி நின்றவள் வெல்லக்கூடிய ஒரு பரீட்சையைத்தான் அப்துல் ஹமீத் நடத்திக்கொண்டிருந்தார். பாடப்புத்தகம் இல்லாதவருக்கும் பாடத்திட்டம் முழுக்கத் தெரிந்த பரீட்சை. அவள் வென்றது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆனால் அந்த லயத்துக்குத் தெரியும்.

பொழுதுபோக்குக்கு இத்தனை பாரம் ஏற்றலாமா என்று கேட்பார்கள். இதே மனிதர்களிடம் அந்த நாட்களில் வேறு யார் யார் என்னென்ன கேட்டார்கள் என்பதைப் பார்த்தால் பாரம் நான் ஏற்றியதல்ல என்பது விளங்கும்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வந்த 3ஆம் இலக்கச் சட்டம், விண்ணப்பித்தால் தருகிறோம் என்றது. நிபந்தனை: 1946 ஜனவரி 1க்கு முன்னதாக, மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் தொடர்ச்சியாக இலங்கையில் வசித்திருக்க வேண்டும், அதை நிரூபிக்கவும் வேண்டும். கடைசித் திகதி 1951 ஆகஸ்ட் 5. ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் போயின. அவற்றுக்குப் பின்னால் எட்டு இலட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். பிறகு தொடங்கியது விசாரணை. பேர் என்ன, தகப்பன் பேர் என்ன, எங்கே பிறந்தது, எந்தத் தோட்டத்தில் எந்த வருஷம் பேர் பதிந்தது, இடையில் இந்தியா போனதா, போனால் எத்தனை மாசம், பெண்சாதி பிள்ளைகள் அப்போது எங்கே இருந்தார்கள். தோட்டத்துப் பேர்ப் பதிவேடான செக்ரோலில் கணக்கப்பிள்ளை பெயரைப் பிழையாக எழுதியிருந்தால் அந்தப் பிழைக்கும் பால் வெட்டுகிறவரே பொறுப்பு. பத்துப் பன்னிரண்டு வருடங்கள் இழுத்த அந்தக் கேள்வி நேரத்தின் முடிவில், 1964 வரை குடியுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர்.

அந்த வருடம் அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கேள்வியைச் சுருக்கிவிட்டது: இந்தியாவா, இலங்கையா? 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று இரண்டு பிரதமர்கள் கணக்கு முடித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிப் போய், நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள் உண்டு. அங்கேயும் கொழுந்துதான், அங்கேயும் லயம்தான். இலங்கை வானொலி மட்டும் கடல் கடந்தும் கேட்டது. அனுப்பிய நாட்டின் குரலைப் போன நாட்டில் காதைத் தீட்டிக் கேட்டார்கள் என்றால், அந்த நாடு அவர்களோடு மரியாதையாகப் பேசிய ஒரே இடம் அதுதான் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

விசாரணையும் போட்டியும் எவ்வளவு நெருக்கமானவை என்பதைப் பார்க்கக் கொஞ்சம் வெளியே போகலாம். பிரிட்டனில் 1972இல் பி.பி.சி. தொடங்கிய ‘மாஸ்டர்மைண்ட்’ என்ற புகழ்பெற்ற வினாடி வினா உண்டு. இருட்டு அரங்கம், நடுவில் ஒரு கறுப்பு நாற்காலி, முகத்தில் மட்டும் வெளிச்சம். அதை உருவாக்கிய பில் ரைட், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்து ஜெர்மானியரிடம் பிடிபட்டவர். கெஸ்டாப்போ தன்னை இருத்திவைத்து விசாரித்த அனுபவத்திலிருந்தே அந்த நிகழ்ச்சியின் அமைப்பை எடுத்தார். சிறைக்கைதியிடம் பேர், பதவி, இலக்கம் கேட்டார்கள்; போட்டியாளரிடம் பேர், தொழில், சிறப்புப் பாடம் கேட்டார்கள். விசாரணை அறைக்கும் வினாடி வினா அரங்கத்துக்கும் தளபாடம் ஒன்றே என்பதை அந்த மனிதர் அறிந்திருந்தார். நாற்காலியும் வெளிச்சமும் கேள்வியும் அப்படியே இருக்க, மாறியது ஒன்றுதான். எதிரே உட்கார்ந்து கேட்பவருடைய விருப்பம்.

சப்ரகமுவவில் அந்த விருப்பம் எவ்வளவு தூரம் கெடும் என்பதையும் பார்த்தாயிற்று. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. பெட்டி படுக்கையோடு, அதுவும் இல்லாமல், வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் பலர். இரண்டு வருடத்தில் 1983 ஜூலைக் கலவரம் வந்தது. வீதியில் மறித்து, வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லி ஆளை இனங்கண்டார்கள் என்பது அந்தக் கலவரத்தைப் பற்றிப் பலரும் பதிவுசெய்த செய்தி. அதுவும் ஓர் உச்சரிப்புப் போட்டிதான். கேட்டவருக்கு விடை தெரியும், நேரக் கட்டுப்பாடும் இருந்தது.

அப்துல் ஹமீதின் போட்டியில் இருந்தது என்ன, இவற்றில் இல்லாதது என்ன என்பதற்கு என் விடை இதுதான். கேட்பவரில் இரண்டு வகை. எதிரே இருப்பவர் தடுக்கி விழுவதற்காகக் கேட்பவர் ஒரு வகை. எதிரே இருப்பவர் சொல்லிவிட வேண்டுமே என்று தவித்துக்கொண்டு கேட்பவர் மறு வகை. நல்ல போட்டி நடத்துநர் இரண்டாம் வகை. விடை அவர் கையில் இருக்கிறது, ஆனால் அதை அவர் ஆயுதமாகப் பிடித்திருப்பதில்லை. போட்டியாளர் மௌனமாக நிற்கும் அந்த மூன்று நான்கு விநாடிகளில் அவருடைய குரலைக் கவனியுங்கள். எழுத்தைத் திருப்பிச் சொல்வார். இன்னும் நேரம் இருக்கிறது என்பார். விதியை மீறாமல் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்குவார். மணி அடித்துவிட்டால் அவருக்கே ஒரு சின்ன வருத்தம் வரும். விடை தெரிந்தவர் ஒருவர், தெரியாதவருக்காக வருந்துகிறார். காலம் முழுக்கத் தங்களை வீழ்த்துவதற்கென்றே கேட்கப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லி அலுத்த ஒரு சனத்துக்கு, இந்த வருத்தம் புரியாமல் போகுமா? பாட்டுக்காகக் கூடினார்கள் என்பது பாதி உண்மை. தாங்கள் வெல்வதை விரும்பும் ஒருவர் கேள்வி கேட்பதைக் கேட்கவும் கூடினார்கள்.

கேள்வியின் தரத்தை அதன் கடினத்தை வைத்து அளக்கிறோம். கேட்பவருடைய மனத்தை வைத்து அளக்க வேண்டும். எளிய கேள்வியும் கொடியவர் வாயில் பொறியாகிவிடும். ‘உன் பேர் என்ன’ என்பதைவிட எளிய கேள்வி உண்டா? தோட்டத் தமிழர் அதற்குத்தான் அரை நூற்றாண்டு பதில் சொன்னார்கள்.

குரல்களுக்கும் நல்ல முடிவு எல்லோருக்கும் வாய்க்கவில்லை. மயில்வாகனத்தின் குரல் கேட்டவர்களின் ஞாபகத்தில்தான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது. கே. எஸ். ராஜா போர்க்காலத்தில் கொல்லப்பட்டார். இந்தியாவில் போர்ன்விட்டா வினாடி வினாவை வானொலியில் தொடங்கி நடத்திய ஹமீத் சயானி 1975இல் இறக்க, தம்பி அமீன் அதை எடுத்து நடத்தினார்; அவரும் 2024 பெப்ரவரியில் போய்ச் சேர்ந்தார். அப்துல் ஹமீத் ‘பாட்டுக்குப் பாட்டு’வை 1990களில் சன் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனார். தமிழ்நாட்டின் பல தலைமுறைகளுக்கு முகமில்லாமல் தெரிந்த குரலுக்கு அப்போதுதான் முகம் கிடைத்தது. தன் வாழ்க்கையை எழுதியபோது ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’ என்று தலைப்பு வைத்தார். அடக்கமான தலைப்பு. இலட்சக்கணக்கானோர் வழியை நிறுத்திவிட்டுக் கேட்ட ஒருவர் தன்னை வழிப்போக்கன் என்கிறார்.

தோட்டத்துக் கேள்வி ஒருவாறு முடிவுக்கு வந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும், பிறகு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தன. ஆனால் இன்றும் பல லயங்களில் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து எப்போது கிடைக்கிறதோ அப்போது கிடைக்கும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி போன பிறகு கைக்கு வந்த கதை இல்லாத தோட்டம் அபூர்வம். இந்த முகவரிகளைத்தான் அன்று நேயர் விருப்பத்திலும் பிறந்தநாள் வாழ்த்திலும் அறிவிப்பாளர்கள் நாடு முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்கள். பிள்ளையின் பேர், தாய் தகப்பன் பேர், டிவிஷன், தோட்டம், பக்கத்து டவுன் என்று முழுதாக வாசித்தார்கள். அரசாங்கம் ஒப்புக்கொள்ளாத பேர்களை அரசாங்க வானொலி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

இப்போது தனியார் எப்.எம். அலைவரிசைகளின் காலம். போட்டிகளுக்குக் குறைவில்லை, தபாலட்டை போய்க் கைத்தொலைபேசி வந்துவிட்டது. கேட்கிறபோது ஒன்று மட்டும் உறுத்துகிறது. தோட்டத்திலிருந்து ஒருவர் அழைக்கிறார். பேச்சு கொஞ்சம் தயங்குகிறது, லகர ளகரம் இடம் மாறுகிறது. அறிவிப்பாளர் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிக்கிறார். அவர் இடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் “சரி சரி, எங்கயோ ஒரு இடம்” என்று கேள்விக்குத் தாவிவிடுகிறார். பிழையான விடைக்கு ஒரு கோமாளிச் சத்தம் போடுகிறார்கள்.

இளம் அறிவிப்பாளர்களே, உங்களிடம் கேட்பது பெரிய காரியமல்ல. அந்தச் சத்தத்தை எடுத்துவிடுங்கள். பெட்டியாகலையிலிருந்தோ பனாவத்தையிலிருந்தோ ஒருவர் அழைத்தால் பேரையும் டிவிஷனையும் தோட்டத்தையும் அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்; முடித்ததும் அதைப் பிழையில்லாமல் நீங்களும் ஒருதரம் சொல்லுங்கள். கேள்வியை அதற்குப் பிறகு கேட்கலாம்.